நெற்றியில் போட்ட ஒன்பது

போடிக்கு ரயில் திரும்பி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பாதையை அகலமாக்குகிறோம் என்று பழைய தண்டவாளத்தைப் பிடுங்கிப் போட்டு, பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அந்த இடத்தில் ஆடு மேய விட்டு, பிறகு ஒருநாள் மாலையும் மேளமுமாக இன்ஜின் வந்து நின்றது. ஊரே ‘புது ரயில், புது ரயில்’ என்று செல்போனைத் தூக்கிப் பிடித்தது. என்ன புதுசு? அதே போடி வண்டி. அடியில் பாதை மாறியிருந்தது, பெயர் மாறவில்லை. பெயரைப் பார்த்துப் பழசு என்றும் பெயின்டைப் பார்த்துப் புதுசு என்றும் சொல்கிற ஜனம் எல்லா ஊரிலும் உண்டு. கம்ப்யூட்டர் படித்தவர்களில் கொஞ்சம் அதிகம். நான் சொல்ல வந்தது அந்த ரயில் வருவதற்கு முந்தின ஏலக்காய்ப் பறிப்பில் நடந்தது.

நீங்கள் இப்போது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சர்வர் அறையில் நான் பதினைந்து வருஷம் இருந்தேன். ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டருக்கு மாறிய வருஷத்திலிருந்து. அதற்கு முன்னால் இதே கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில் மூட்டைக்கு நம்பர் போட்டேன். தகரத்தில் வெட்டின அச்சை மூட்டைமேல் வைத்து, கறுப்பு மையில் பிரஷ்ஷைத் தோய்த்து ஒரு இழுப்பு. அவ்வளவுதான் என் படிப்பு. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் நானும் உங்களைப் போல முதல் எண்ணைப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்திருப்பேனோ என்னவோ.

கம்ப்யூட்டர் வந்தபோது அதைப் பார்த்துக்கொள்ள மதுரையிலிருந்து ஒரு பட்டதாரியை வைத்தார்கள். மூன்று மாதம் இருந்தார். பிறகு மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று போய்விட்டார். போடியில் ஏது மலைக்காற்று? மலை அங்கே நிற்கிறது, நாம் இங்கே வேகிறோம். அவர் போன பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “அண்ணே, நம்பரும் எழுத்தும் தப்பாம பாக்குறது இங்க நீங்க ஒருத்தர்தான், இதையும் பாத்துக்கிருங்க,” என்றார். அப்படி உள்ளே போனவன். இங்கிலீஷ் வாக்கியம் எனக்கு ஓடாது. எண் தெரியும், புள்ளி தெரியும், கோடு தெரியும். கட்டளைகளைப் பஸ் போர்டு மாதிரி உருவத்தால் பழகிக்கொண்டேன். தேவாரம் பஸ்ஸில் ஏற, தேவாரம் என்று எழுத்துக்கூட்டியா படிக்கிறோம்?

கிட்டங்கி வழக்கம் இரண்டைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது.

முதலாவது, வால். ஒரு விவசாயியின் சரக்கு லாட்டாக வந்து இறங்கினால் அதற்கு ஒரு நம்பர். நூற்றுப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் மழை பட்டு நனைந்திருப்பது தெரிந்து, அவர் திரும்பக் கொண்டுபோய் உலர்த்திக் கொண்டுவந்தால் புது நம்பர் கொடுக்க மாட்டோம். அதே நூற்றுப் பன்னிரண்டு, ஒரு கோடு, பக்கத்தில் ‘ம1’. மறு உலர்த்தல், முதல் தடவை. இன்னொரு தடவை தூசி தட்டிக் காம்பு நீக்கினால் ‘ம2’. உடம்பு அதே உடம்பு, செய்த வைத்தியம் வாலில் தெரியும். வைத்தியத்தின் விவரம் லாட்டுப் புத்தகத்தில் இருக்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கிட்டங்கி மேஸ்திரி. வாயில் எப்போதும் வெற்றிலை, அதனால் பாதிப் பேச்சு கைஜாடை.

இரண்டாவது, சிவப்பு வட்டம். ஏதாவது மூட்டைமேல் தகராறு வந்தால், தீருகிறவரை யாரும் தொடக்கூடாது என்பதற்காக அதன் வாய்ப்பக்கம் சிவப்பு மையில் ஒரு வட்டம். அதைப் பார்த்தால் லோடுமேன் ஒதுங்கிப் போவான். தரம் பார்க்கிறவரும் ஒதுங்கிப் போவார். ஒருமுறை தகராறு தீர்ந்த பிறகும் வட்டத்தை அழிக்க ஆளில்லாமல் ஒரு மூட்டை மூலையிலேயே கிடந்தது. இரண்டு பறிப்பு கழித்து மேஸ்திரி அதைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே காய் இல்லை, பூச்சி தின்ற தோலும் பொடியும்தான். வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னிடம் முழு வாக்கியமாகப் பேசியது அன்றைக்குத்தான். “வட்டம் போடுற கைதான்டா அழிக்கவும் செய்யணும். இல்லேன்னா எல்லாரும் அத மதிச்சு மதிச்சே நாசம் பண்ணிருவாய்ங்க.”

இனி சர்வருக்கு வருகிறேன். நம் சர்வரில் ஓடுகிற மென்பொருள் எதையும் அதைச் செய்தவனிடமிருந்து நாம் நேராக வாங்குவதில்லை. நடுவில் ஒரு டிஸ்ட்ரோக்காரன் இருக்கிறான். ஆயிரக்கணக்கான மென்பொருளைச் செய்தவர்களிடமிருந்து எடுத்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி கட்டி, பேக்கேஜ் பேக்கேஜாக நமக்குத் தருகிறான். கட்டி முடித்த பிறகு உடம்பை மாற்ற மாட்டான். செய்தவன் அப்புறம் பத்துப் புதுசு விட்டாலும் இவன் அசைய மாட்டான். ஏதாவது ஓட்டை தெரியவந்தால், புதுசிலிருந்து அந்த ஓட்டையை அடைக்கிற ஒட்டுத் துண்டை மட்டும் எடுத்துப் பழைய உடம்பில் வைத்துத் தைத்து, வாலில் ஒரு எண்ணை ஏற்றுவான். 2.4.6-97 என்று இருந்தால், கோட்டுக்கு முன்னால் இருப்பது செய்தவன் போட்ட எண், பின்னால் இருக்கிற தொண்ணூற்றேழு இவன் செய்த வைத்தியம். எந்த வாலில் என்ன தைத்தான் என்று ஒவ்வொரு பேக்கேஜுக்குள்ளும் ஒரு நாட்குறிப்பு வேறு இருக்கும். நம் கிட்டங்கி லாட்டுப் புத்தகம்தான், வேறென்ன. முதன்முதலில் இது புரிந்த அன்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எங்கள் மேஸ்திரி எப்போது போய்ச் சொல்லிக்கொடுத்தார் என்று நினைத்தேன்.

இதைப் பட்டம் வாங்கினவர்களிடம் சொன்னால் ஏறாது. ‘லேட்டஸ்ட்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

அந்தப் பறிப்புச் சமயத்தில் சோதனைக்காரர் ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். நம் மெஷின் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஏலம் நடத்தலாம் என்பது அந்த வருஷப் புது விதி. முந்தின நாள் வந்து பேக்கேஜ் பட்டியலை வாங்கிக்கொண்டு லாட்ஜுக்குப் போனார். காலை எட்டு மணிக்கு ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து மேனேஜர் அறையில் உட்கார்ந்தார். பத்தரைக்கு ஏலம். மலையிலிருந்து சரக்கு இறங்கிவிட்டது, ஹாலில் வியாபாரிகள் ஒவ்வொருவராக வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.

என்னையும் செல்வியையும் கூப்பிட்டார்கள். செல்வியைச் சொல்லவில்லையே. பொட்டிபுரத்துக்காரி. இரண்டு பிள்ளை பெற்ற பிறகு அஞ்சல் வழியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலைக்கு வந்தாள். என் கூடவே நான்கு வருஷம் அந்த அறையில் இருந்தவள். இங்கிலீஷ் வாசிப்பது அவள் சோலி, முறைப்பதும் அவள் சோலி.

காகிதத்தில் நாற்பது வரி சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை.

“இதப் பாருங்க சார்,” என்று சோதனைக்காரர் மேனேஜரிடம் ஆரம்பித்தார். என்னைப் பார்க்கவில்லை. வேட்டி கட்டினவனிடம் என்ன பேச்சு. “வெப் சர்வர் டூ பாயின்ட் ஃபோர் பாயின்ட் சிக்ஸ். பத்து வருஷத்துப் பழசு. ஒரிஜினலா பண்றவங்க ஐம்பத்தி நாலு வரைக்கும் போயாச்சு. இந்த நாப்பதும் அப்படித்தான். ஊர்ப்பட்ட ஓட்டை. எல்லாத்தையும் லேட்டஸ்ட் போடுங்க, நான் சைன் பண்றேன்.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். “என்னண்ணே, பத்து வருசமா சும்மாவா இருந்தீக?”

“வால எங்க சார் விட்டீங்க?” என்று நான் சோதனைக்காரரைக் கேட்டேன்.

“வாட்?”

“கோட்டுக்கு அந்தாண்ட தொண்ணூத்தேழுன்னு இருந்துச்சே.”

“அது ஏதோ பில்ட் நம்பர் பெரியவரே. அதெல்லாம் கணக்கு இல்ல.”

கணக்கு இல்லையாம். அந்தக் காகிதத்தை அச்சடித்துக் கொடுத்த அவருடைய சோதனை மென்பொருள் இடமிருந்து எண்ணைப் படித்துக்கொண்டே வரும், செய்தவனுடைய புது எண்ணோடு எங்கே வித்தியாசப்படுகிறதோ அங்கே நின்றுவிடும். சின்னதாக இருந்தால் சிவப்பு, பெரியதாக இருந்தால் பச்சை. கோட்டைத் தாண்டிப் போகவே போகாது. இதற்கு ஒரு மனிதர் சென்னையிலிருந்து ஏசி பஸ்ஸில் வர வேண்டுமா? மூட்டை ஏற்றி வருகிற மாட்டு வண்டிக்காரர்கூட லாட்டுச் சீட்டைப் பார்த்து இதைவிட நன்றாகச் சொல்வார்.

“செல்வி, நாட்குறிப்பத் தொற,” என்றேன்.

அவள் அவருடைய காகிதத்தை வாங்கி, ஒவ்வொரு ஓட்டைக்கும் உலகம் முழுக்கப் பொதுவாக வைத்திருக்கிற நம்பரை வாசித்தாள். நான் மேனேஜர் மேஜைத் திரையில், அந்தந்தப் பேக்கேஜின் நாட்குறிப்பில் அந்த நம்பரைத் தேடினேன். எண் தேடுவதற்கு இங்கிலீஷ் வேண்டாம். தொண்ணூற்றைந்தாம் வாலில் ஒன்று தைத்திருக்கிறான், தொண்ணூற்றேழில் மூன்று. சோதனைக்காரர் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பத்தாவது வரி அடிபடும்போது கையை அவிழ்த்தார். இருபதாவதில் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். முப்பதில் செல்வி, “சார், தண்ணி குடிக்கிறீங்களா?” என்றாள். நாற்பதும் அடிபட்டது. ஒன்றுகூட மிச்சமில்லை.

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். “எங்க அண்ணே அஞ்சாங்கிளாசு சார். மூட்டைக்கு மை போட்டவரு.”

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? தலைக்கு ஏறிவிட்டது. “சார், காய உரிச்சுப் பாக்காம தோலப் பாத்தே தரம் சொன்னா எங்க ஊர்ல சாக்குத் தைக்கிற சோலிகூடத் தர மாட்டாங்க,” என்றேன். தேவையில்லாத பேச்சு. அந்த மனிதர் பேனாவின் மூடியைத் திறந்தார், கையெழுத்துப் போட.

செல்விதான், “இருங்க சார்,” என்றாள். “செவப்பெல்லாம் பாத்தாச்சு. பச்சையில ஒண்ணு ரெண்டும் பாத்துருவோம், ஒரு முறைக்கு.”

“பச்சையில என்னம்மா இருக்கப் போகுது,” என்று அவர் சலித்துக்கொண்டார். நானும் அதையேதான் நினைத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் கருத்து ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான்.

அவள் திறந்தது பூட்டுப் பேக்கேஜை. ஹாலில் ஒவ்வொரு வியாபாரி மேஜையிலும் ஒரு பெட்டி இருக்கிறதல்லவா, அதில் அவர் ‘இந்த லாட்டுக்கு இதுவரை போவேன்’ என்று தன் உச்ச விலையை முன்கூட்டியே தட்டி வைக்கலாம். மெஷின் அவருக்காகப் படிப்படியாக ஏற்றிக் கேட்கும். அந்த உச்ச விலை அடுத்தவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் நாலு பேர் கூடிப் பேசிக்கொண்டு கீழேயே நிறுத்திவிடுவார்கள், அடி விவசாயிக்கு. பெட்டியிலிருந்து சர்வர்வரை அந்த எண் பூட்டுப் போட்டுப் போகும். பூட்டுகிறது இந்தப் பேக்கேஜ்தான்.

அதன் எண் திரையில் வந்தது. 9:1.0.2-8.

உடம்புக்கு முன்னால் ஒரு ஒன்பது, ஒரு முக்காற்புள்ளி. அந்த இடத்தை நான் நெற்றி என்பேன். டிஸ்ட்ரோக்காரர்கள் அதைத் தொடுவது மிக அபூர்வம். செய்தவன் எண் போடுகிற முறையே மாறிப்போனால் மட்டும், வேறு வழியில்லாமல் போடுவார்கள். ஏனென்றால் நெற்றியில் பெரிய எண் இருந்தால் உடம்பும் வாலும் என்னவாக இருந்தாலும் அதுதான் பெரியது என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். சோதனைக்காரர் மென்பொருள் இடமிருந்து படித்தது, ஒன்பதைப் பார்த்தது, செய்தவனே மூன்றில்தான் நிற்கிறான், பிறகென்ன, பச்சை.

செல்வி நாட்குறிப்பைக் கீழே இழுத்தாள். கடைசிப் பதிவு ஐந்து வருஷத்துக்கு முந்தினது. அதற்கடியில் என் பெயர்.

அவள் குரலைத் தணித்து, “அண்ணே, இந்த ஒம்பது யாரு போட்டது?” என்றாள்.

நான் போட்டதுதான். நடந்தது இது. மேஜைப் பெட்டிகள் பழசு, பழைய பூட்டுத்தான் அவற்றுக்குத் தெரியும். டிஸ்ட்ரோக்காரன் ஒரு வாலில் பழைய பூட்டை எடுத்துவிட்டான், நல்லதுக்குத்தான். அன்று ஏலத்தின் நடுவில் ஹால் முழுக்கப் பெட்டி செத்துப்போனது. இணையத்தில் கேட்டதற்கு யாரோ புண்ணியவான் சின்ன ஒட்டு ஒன்று அனுப்பினார். அவர் சொன்ன வரிகளை வரிசை மாறாமல் தட்டி, பழைய பூட்டையும் ஏற்கிற மாதிரி பேக்கேஜை நானே கட்டினேன். ஓடியது. அடுத்த அப்டேட் வந்து என் ஒட்டை அழித்துவிட்டது. திரும்பக் கட்டினேன், திரும்ப அழித்தது. மூன்றாவது தடவை எனக்குக் கோபம். தொடாதே என்று ஒரு சிவப்பு வட்டம் போட வேண்டும் என்று தோன்றியது. நெற்றி காலியாக இருந்தது. இருப்பதிலேயே பெரிய ஒற்றை எண்ணை எடுத்துப் போட்டேன்.

அதோடு நின்றது தொந்தரவு. அப்புறம் டிஸ்ட்ரோக்காரன் ஒன்பதாம் வாலிலிருந்து இருபத்தாறாம் வால்வரை பதினெட்டு வைத்தியம் பண்ணி அனுப்பியிருக்கிறான். அதில் இரண்டு, பூட்டையே கழற்றிவிடக்கூடிய ஓட்டைக்கானவை. ஒவ்வொரு வாரமும் நான் அப்டேட் கட்டளை கொடுத்தேன். ஒவ்வொரு வாரமும் மெஷின் ‘உன்னிடம் இருப்பது இதைவிடப் பெரிசு, செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்றது. நான் மேனேஜரிடம் போய், “எல்லாம் சரியா இருக்கு,” என்று சொன்னேன். ஐந்து வருஷம். ஹாலில் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு, விவரம் தெரிந்த ஒருவன் உட்கார்ந்தால் எல்லார் உச்ச விலையையும் வாசித்திருக்கலாம். வாசித்தானா? தெரியாது. இன்றுவரை தெரியாது.

செல்வி கேட்டுக்கொண்டு நிற்கிறாள். எதிரில் நான் இப்போதுதான் மானத்தை வாங்கின மனிதர் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். மேனேஜர் இன்னும் சிரிப்பு மாறாமல் இருக்கிறார்.

“அது டிஸ்ட்ரோக்காரன் போட்டது ஆத்தா,” என்றேன்.

பெயர் திரையில் இருக்கிறது. அவளுக்கு வாசிக்கத் தெரியும். நான் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போனேன். அறுபத்தெட்டு வயசில், நெஞ்சு நிமிர்த்தி நாற்பது வரி அடித்தவன், ஒரு வரிக்குப் பயந்து டீக்கடைக்கு ஓடினேன். எழுதும்போதே கூசுகிறது. ஆனால் முதல் எண்ணை மட்டும் படிக்கிறவர்களை நான் எவ்வளவு ஏசினேனோ அந்த அளவுக்கு இதையும் எழுத வேண்டும்.

மனசு என்ன கணக்குப் போட்டது தெரியுமா? இன்றைக்கு ஏலம் முடியட்டும், நாளைக்கு ஆளில்லாத நேரத்தில் ஒன்பதை எடுத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது. நல்ல கணக்குத்தான். ஐந்து வருஷமாகத் தெரியாதது இன்னும் ஒரு நாள் தெரியாமல் இருந்தால் என்ன.

டீக்கடைப் பெஞ்சில் சிலமலைப் பெருமாள் உட்கார்ந்திருந்தார். மலைமேல் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர், எனக்கு ரொம்ப நாள் பழக்கம். கையில் லாட்டுச் சீட்டு. எட்டிப் பார்த்தேன். 112-ம1.

“என்ன பெருமாளு, வாலோட வந்திருக்கீரு?”

“மேட்டுல ஜீப்பு நின்னுபோச்சுண்ணே. தார்ப்பாய் கிழிசல், மழ உள்ள எறங்கிருச்சு. திரும்பக் கொண்டுபோயி காயவச்சுக் கொண்டாந்தேன்.”

“வால் போட்டா கேக்குறவன் கொறச்சுக் கேப்பானே.”

“கேப்பான். மகன் சொன்னான், புது நம்பர் வாங்கிரு, சீட்டு எழுதுறவர் நமக்கு வேண்டியவர்தானேன்னு. அவன் கெடக்கான், வெவரங்கெட்ட பய. வால மறைச்சு வித்துட்டா அடுத்த தடவ எம் மூட்டைய எவன் மோந்து பாப்பான்?” டீயை ஊதிக் குடித்தார். “ஹாலுக்குள்ள பொட்டியில என்ன நடக்குன்னு எங்களுக்கா தெரியுது. நீங்க உள்ள இருக்கீங்கங்கிற தைரியந்தான். எத்தன மணிக்குண்ணே ஆரம்பிக்கும்?”

“பத்தரைக்கு,” என்றேன். பிறகு, “இல்ல பெருமாளு, இன்னைக்கி நேரமாகும்,” என்றேன்.

“ஏன், கரண்டு இல்லையா?”

“வட்டம் ஒண்ணு அழிக்கணும்.”

அவருக்குப் புரியவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

மேனேஜர் அறையில் சோதனைக்காரர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. செல்வி அவரிடம் வேறு ஏதோ காகிதம் கேட்டு நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தாள். எனக்காகத்தான் என்று அப்புறம் தெரிந்தது. நான் நின்றுகொண்டே சொன்னேன்.

“சார், பூட்டுப் பேக்கேஜ்ல இருக்குற ஒம்பது நான் போட்டது. டிஸ்ட்ரோக்காரன் போடல. அஞ்சு வருசமா அது அப்டேட் ஆகல. இன்னைக்கி இப்பிடியே ஏலம் நடத்துனா ஹால்ல யாரும் அடுத்தவரு வெலையப் பாக்கலாம்.”

மேனேஜர் முகத்தில் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. சோதனைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ நான் சொன்னது சரிதானே? பிரச்சினை இருக்குன்னு சொன்னேன்ல?”

“இல்ல சார். நீங்க தப்புன்னு சொன்ன நாப்பதும் சரி. சரின்னு சொன்னதுல ஒண்ணு தப்பு. நாம ரெண்டு பேரும் மொத எண்ணப் பாத்துத்தான் கெட்டோம். நீங்க பாத்துப் பச்சையடிச்சீங்க, நான் போட்டுட்டு மறந்துட்டேன்.”

அவர் அந்தப் பச்சை வரியைப் பேனாவால் சுழித்தார். “இத ரிப்போர்ட்ல எப்படி எழுதறது?”

“உள்ளபடி எழுதுங்க,” என்றாள் செல்வி.

மேனேஜர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எம்புட்டு நேரமாகும்?” திட்டியிருந்தால் தேவலை.

ஏலம் மூன்று மணிக்குத் தள்ளிப்போனது. ஹாலில் வியாபாரிகள் போட்ட சத்தம் சர்வர் அறைக் கண்ணாடிவரை கேட்டது. வடக்கத்தி ஏஜென்ட் ஒருவர் வாசலுக்கே வந்து நின்று ஏசினார். என்ன ஏசினார் என்று மொழி புரியாதது என் அதிர்ஷ்டம். நானும் செல்வியும் ஒன்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, டிஸ்ட்ரோக்காரனின் இருபத்தாறாம் வாலை ஏற்றினோம். எதிர்பார்த்தபடி பெட்டிகள் அத்தனையும் செத்தன. அந்த ஒட்டை மறுபடி வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் இந்தத் தடவை எண் போட என் கையை விடவில்லை அவள்.

“நெத்தியத் தொடாதீக. வாலுக்கு ஒரு குட்டி வால் போடுவோம்,” என்றாள்.

இருபத்தாறுக்குப் பின்னால் ஒரு புள்ளி, இங்கிலீஷ் எழுத்தில் ‘போடி1’. இதுதான் முறை. டிஸ்ட்ரோக்காரனின் இருபத்தாறைவிட இது பெரிது, அதனால் மெஷின் நம்முடையதை வைத்துக்கொள்ளும். அவன் நாளைக்கு இருபத்தேழு விட்டால் அது இதைவிடப் பெரிது, நம்முடையதை அழித்துவிட்டு ஏறும். ஏறினால் பெட்டிகள் சாகும், சத்தம் வரும், யாராவது எழுந்து வந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். ஐந்து வருஷம் முன்னால் எனக்கு எரிச்சலைக் கொடுத்த அந்தத் தொந்தரவுதான் காவல் என்பது எனக்கு விளங்கவே இல்லை. மேஸ்திரி அன்று சொன்னதும் அதுதான். கேட்டவன் நான், பூச்சி தின்ற பொடியைக் கையால் அள்ளினவனும் நான்.

ஒட்டு ஏறியது, பெட்டிகளுக்கு உயிர் வந்தது. பழைய பூட்டு பழைய பூட்டுத்தான், அதனால் அந்தப் பெட்டிகளையே மாற்ற வேண்டும் என்று சோதனைக்காரர் எழுதி, மூன்று மாதத் தவணை கொடுத்து, அதுவரை ஹாலுக்குள் லேப்டாப்பும் வெளி ஒயரும் கூடாது என்று கண்டிஷன் போட்டுக் கையெழுத்திட்டார். அது அவர் எழுதியதிலேயே உருப்படியான வரி. போகும்போது என்னிடம், “அந்த வால் மேட்டர இன்னொரு தடவ சொல்றீங்களா?” என்று கேட்டு ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்டாரே தவிர, அடுத்த ஊரில் போய்ப் பழையபடி லேட்டஸ்ட் என்றுதான் சொல்லியிருப்பார் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு.

பெருமாள் லாட்டு அன்று மாலை ஏலம் போனது. வாலோடுதான் போனது. குறைத்துத்தான் கேட்டார்கள். அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “வட்டம் அழிஞ்சுதாண்ணே?” என்று மட்டும் கேட்டுவிட்டு வெரசாகக் கடைசிச் சிலமலை பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் மேனேஜர் சர்வர் அறைச் சாவியை என்னிடம் வாங்கிச் செல்வியிடம் கொடுத்தார். “நீங்க இருங்கண்ணே, கூடமாட இருங்க, சாவி அவகிட்ட இருக்கட்டும்,” என்றார். நியாயம்தான். அந்த வருஷம் முடிய இருந்துவிட்டு நானாகவே நின்றுவிட்டேன். ரயில் வந்தபோது வேலையில்லாதவனாகப் போய் வேடிக்கை பார்த்தேன்.

நிற்பதற்கு முன்னால் ஒன்று நடந்தது. புதுப் பேக்கேஜின் நாட்குறிப்பில் செல்வி ஒரு பதிவு எழுதியிருந்தாள். எனக்கு வாசித்துக் காட்டினாள். ‘நெற்றியில் இருந்த 9 நீக்கப்பட்டது, அதனால் தடைபட்ட பதினெட்டுத் திருத்தங்கள் சேர்க்கப்பட்டன’ என்று இருந்தது. யார் போட்டது என்பது இல்லை.

“எம் பேரு எங்கத்தா?”

“எதுக்குண்ணே. வேலைதான முக்கியம்.”

“லாட்டுப் புத்தகத்துல நனைஞ்சத எழுதாம காயவச்சத மட்டும் எழுதுனா அது புத்தகமா? எழுது.”

எழுதினாள். இன்றைக்கும் அங்கே இருக்கும். மேஜைப் பெட்டிகளை மாற்றிவிட்டார்கள், அந்த ஒட்டும் தேவையற்றுப் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். நீங்கள் புதுசாக வந்தவர்கள், பழைய குப்பை என்று அந்த நாட்குறிப்பைத் துடைத்துச் சுத்தமாக்க உங்களுக்குக் கை அரிக்கும். உங்களை எனக்குத் தெரியும். துடைக்காதீர்கள். உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருகிறவரை முதல் நாளே உட்காரவைத்து, எண்ணைக் கடைசி வால்வரை வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும், அந்த ஒன்பதைப் போட்டது யார் என்று என் பெயரைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.